மஞ்சள் துணியில் முடிந்த காசு

மும்பை விக்ரோலி ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்கி எல்.பி.எஸ். மார்க்கைத் தாண்டினால் தரை மேட்டில் ஏறத் தொடங்கும். பார்க்சைட், சூர்யா நகர் என்று அந்தக் குன்றுச் சரிவு முழுக்க வீடுகள். ஒரு வீட்டின் கூரை மட்டத்தில் அடுத்த வீட்டின் வாசல் இருக்கும். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கிழக்கே ரயில் பாதை தெரியும். அதற்கப்பால் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே, அதையும் தாண்டி தானே கழிமுகம் வரைக்கும் கோத்ரெஜ் நிலத்துச் சதுப்புக்காடு. வெளியூரிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் இந்தக் காட்சியைப் பார்த்து அசந்து போவார்கள். ஜூன் பிறந்துவிட்டால் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

கல்யாணமாகி அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து நேராக இந்தக் குன்றுக்கு வந்தவள் நான். வரும்போது அம்மா என் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே மஞ்சள் நனைத்த துணி ஒன்றை மடித்து வைத்தாள். "ஏட்டி, மனசுக்குக் கஷ்டமா இருந்தா சொரிமுத்து அய்யனை நெனச்சு ஒரு ரூவாயை இதுல முடிஞ்சு வையி. மத்ததை அவன் பாத்துக்கிடுவான்" என்றாள். காரையாறு காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் எங்கள் குலதெய்வம். ஆடி அமாவாசைக்கு ஊரே மூட்டை முடிச்சோடு போய் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கும். அம்மாவுக்கு அவன் ஊர்ப் பெரியவர் மாதிரி. கேட்டால் தருவான், தந்தால் நாம் கடனைத் தீர்க்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கணக்கை நான் மும்பையில் பெரிதாக்கினேன். கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை எல்.பி.எஸ். மார்க்கில் மூடப்பட்ட பல தொழிற்சாலைகளில் ஒன்று. அப்போது ஒரு காசு முடிந்தேன். மகன் பிறப்பதற்கு முன் ஒன்று. செட்டா நகர் திருச்செம்பூர் முருகன் கோவிலின் 108 படிகளையும் ஏறி வருவதாக வேண்டிக்கொண்டது தனி. எதிர்வீட்டில் தூத்துக்குடி அக்கா இருந்தார்கள். புதன்கிழமை தவறாமல் மாகிம் மைக்கேல் மாதா கோவில் நவநாளுக்குப் போவார்கள். 1948இலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் நடக்கிற ஜெபம் அது. இந்து, முஸ்லிம், பார்சி என்று யார் வந்தாலும் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் இடம் விட்டு நிற்பார்கள். தாதரில் வண்டி மாறி நானும் அக்காவோடு போயிருக்கிறேன். வெளியே மெழுகில் செய்த கை, கால், குழந்தை, வீடு எல்லாம் விற்பார்கள். என்ன வேண்டுமோ அந்த உருவத்தை வாங்கி மாதாவிடம் வைக்க வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் வீடுதான் வாங்கினேன். குன்றுக்குக் கீழே, சமதரையில் ஒரு வீடு.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. போன் எதுவும் வேலை செய்யவில்லை. கணவர் இரவு முழுக்க வரவில்லை. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பின்சுவரில் நீர் கசிவதைப் பார்த்தபடி, வாய்க்கு வந்த தெய்வத்தின் பெயரையெல்லாம் சொன்னேன். விடிந்து வெகு நேரம் கழித்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்த கால்களோடு அவர் படியேறி வந்தார். அன்றைக்கு என் மனதில் ஒன்று கெட்டியாகப் படிந்துவிட்டது: நான் கேட்டேன், கிடைத்தது. அதே நாளில் சாக்கிநாக்காவில் குன்று சரிந்து எத்தனையோ குடும்பங்கள் மண்ணுக்குள் போனதைப் பிறகு கேள்விப்பட்டேன். அழுதேன். ஆனால் அவர்களின் கணக்கையும் என் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பார்க்க வைத்தது 2021.

அதற்கு முந்தைய வருடம் மார்ச்சிலேயே கொரோனாவால் லோக்கல் ரயில் நின்று, கோவில்களும் தேவாலயங்களும் மசூதிகளும் பூட்டப்பட்டுவிட்டன. மகாராஷ்டிரத்தில் அவை திறந்தது 2020 நவம்பர் 16, தீபாவளி பாட்வா அன்று. மறு ஏப்ரலில் இரண்டாம் அலை வந்ததும் மறுபடி பூட்டு. நவநாளை அக்கா செல்போனில் பார்த்தார்கள். நான் முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். போய் நிற்க ஓர் இடம் இல்லாமல் போவது என்னவென்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கோவிலில் நம் பயத்தை நாலு பேர் பயத்தோடு சேர்த்து வைத்துவிட்டு வரலாம். வீட்டில் அது நம்மோடேயே இருக்கும்.

மே மாதம் ஊரில் அம்மாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் மூச்சுத் திணறல். தமிழ்நாட்டில் 10ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு. தம்பி ஆஸ்பத்திரி வாசலில் ஆக்சிஜன் படுக்கைக்குக் காத்து நின்றான். நான் இங்கே மஞ்சள் துணியை எடுத்தேன். ஒரு ரூபாய் போதாது என்று தோன்றியது. கையில் இருந்த சில்லறை முழுவதையும் வைத்து முடிந்தேன். காரையாற்றுக்கு வந்து பொங்கல் வைக்கிறேன், மொட்டை போடுகிறேன், என் ஆயுளில் பாதியை எடுத்துக்கொள் என்றேன். என்னால் கொடுக்க முடிந்ததையும் முடியாததையும் அந்த ஒரு இரவில் பேசித் தீர்த்தேன். படுக்கை கிடைத்தது. அம்மா பிழைக்கவில்லை. அவளைச் சுற்றிக் கட்டிய துணியைத்தான் தம்பியின் போனில் பார்த்தேன்.

என் பிரார்த்தனையில் எங்கே குறை என்று பல வாரம் தேடிக்கொண்டிருந்தேன். பழைய வேண்டுதல் ஏதாவது தீர்க்காமல் விட்டிருப்பேனா? தீட்டு நாளில் விளக்கேற்றினேனா? பிரிவு கொடுத்த வலியை இந்தத் தேடல் இரண்டு மடங்காக்கியது. அம்மாவைக் காப்பாற்றாத கடவுள்மேல் கோபப்பட்டிருந்தால்கூட லேசாக இருந்திருக்கும். நான் என்மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டு வணங்குகிறவர்களை இந்தச் சுமை ஒரு நாள் வந்து அழுத்தும். இதை நான் பட்டுச் சொல்கிறேன்.

அந்தக் கோபம்கூட வராத நிலையில் ஜூலை வந்தது. 17ஆம் தேதி சனிக்கிழமை இரவு மழை பிடித்தது. ஆடி பிறந்திருந்த நேரம். காலைக்குள் நகரத்தில் 200 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டிருந்தது. அன்றைக்கு நான் எந்த வேண்டுதலும் வைக்கவில்லை. விளக்குகூட ஏற்றவில்லை. அம்மா போனதிலிருந்து வாய் எழவில்லை. மழைச் சத்தத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன்.

நள்ளிரவு தாண்டி, செம்பூர் வாஷி நாக்கா பாரத் நகரில் சுவர் இடிந்து வீடுகள்மேல் விழுந்தது. அடுத்த ஓரிரு மணி நேரத்தில் எங்கள் சூர்யா நகரில் சரிவு பெயர்ந்தது. எங்கள் வீடு இருக்கும் பக்கம் வேறு. சத்தம் கேட்டது, பிறகு ஆட்களின் குரல் கேட்டது. இருட்டில், மழையில், தண்ணீர் பாய்கிற படிகளில் பையன்கள் இறங்கி ஓடினார்கள். எங்கள் சந்துகளுக்குள் இயந்திரம் எதுவும் வர முடியாது. கையால்தான் மண்ணை எடுக்க வேண்டும். பாரத் நகரில் பத்தொன்பது பேர், சூர்யா நகரில் பத்துப் பேர் இறந்தார்கள். கொல்லைச்சுவரில் ஒரு விரிசலோடு எங்கள் வீடு நின்றது.

காலையில் ஊரிலிருந்தும் தாராவியிலிருந்தும் போன்மேல் போன். எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "சாமிதான் ஒங்களைக் காப்பாத்திருக்கு." பாசத்தில் சொன்னதுதான். ஆனால் என்னால் அதற்கு "ஆமாம்" சொல்ல முடியவில்லை. கீழே மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த வீடுகளிலும் சாமி படம் இருந்தது. அவர்களும் விளக்கேற்றியிருப்பார்கள், நான்தான் ஏற்றவில்லை. மே மாதம் கையிலிருந்த காசெல்லாம் முடிந்து வைத்தேன், அம்மா போனாள். ஜூலையில் ஒரு பைசா முடியவில்லை, நான் இருக்கிறேன். அம்மா சொல்லிக்கொடுத்த கணக்கு இரண்டு பக்கமும் பொய்த்துவிட்டது. நான் பிழைத்தது அருள் என்றால் கீழே இறந்தவர்களுக்கு அது ஏன் இல்லை என்று கேள்வி வருகிறது. அந்தப் பத்துப் பேரில் யாருடைய தாயின் முகத்தைப் பார்த்து நான் அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியும்? அன்றிலிருந்து நான் அதைச் சொல்வதில்லை. யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

தூத்துக்குடி அக்காவிடம் மட்டும் இதைச் சொன்னேன். நாங்கள் இருவரும் அன்றைக்குப் பெரிய அண்டாவில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தோம். பாண்டூப் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்துவிட்டதால் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கத்தான் அந்தத் தண்ணீர். அக்கா எனக்குச் சமாதானம் சொல்லவில்லை. யோபுவின் கதையைச் சொன்னார்கள். பிள்ளைகள், சொத்து, உடம்பு எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்க்க மூன்று சிநேகிதர்கள் வந்தார்களாம். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவன்கூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்களாம். "அதுவரைக்கும் அவங்க நல்லவங்கம்மா. வாயைத் தொறந்து காரணம் சொல்ல ஆரம்பிச்சதும்தான் கெட்டுது. நீ பாவம் பண்ணியிருப்பேன்னு அவன்கிட்டயே சொன்னாங்க. கடைசியில கடவுள் அவங்க பேரிலதான் கோவப்பட்டாரு" என்றார்கள். அத்தனை வருடம் கூடப் பழகியும் அக்காவின் வேதத்தில் இப்படி ஒரு கதை இருப்பது எனக்குத் தெரியாது. என் குறை எங்கே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்த வாயை அந்தக் கதைதான் மூடியது.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 20, ஆஷாடி ஏகாதசி. மறுநாள் பக்ரீத். எங்கள் சந்தில் இரண்டுக்கும் ஆள் உண்டு. சந்து முனையில் ஒரு மராத்திப் பாட்டி இருக்கிறார், ஆஜி என்று கூப்பிடுவோம். சாதாரா பக்கத்துக்காரர். வருடா வருடம் பண்டரிபுரத்துக்கு வாரி நடந்து போகிறவர். கொரோனா வந்த அந்த இரண்டு வருடமும் நடைப்பயணம் கிடையாது. ஞானேஸ்வரர், துக்காராம் பல்லக்குகளையே பஸ்ஸில் வைத்துத்தான் கொண்டு போனார்கள். ஆஜி வீட்டிலேயே ஹரிபாட் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஜவ்வரிசிக் கிச்சடி கொடுத்தார். இந்த முறை விட்டலனிடம் என்ன கேட்டீர்கள் ஆஜி என்று கேட்டேன். என் மராத்தி சரியாகப் புரியவில்லையோ என்பதுபோல் பார்த்தார். கேட்பதற்கா போகிறோம் என்றார். மாமனார் காலத்திலிருந்து போகிறோம், மழை பெய்த வருடமும் போனோம், பெய்யாத வருடமும் போனோம், மகன் செத்த வருடமும் போனேன். அவனைப் பார்க்க வேண்டும், அவன் என்னைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான்.

மகன் செத்த வருடமும் போனேன் என்பதை அவர் சாதாரணமாகச் சொன்னார். அந்தக் குரலை நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். தெய்வத்திடமிருந்து வரவேண்டிய பாக்கி என்று அவரிடம் எதுவும் இல்லை. அதனால் அவருக்குத் தெய்வத்தோடு மனத்தாங்கலும் இல்லை. அப்படியொரு உறவு தெய்வத்தோடு இருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

நான் ஆஜி ஆகிவிடவில்லை. கேட்காமல் இருக்க எனக்கு வராது. இன்றைக்கும் கேட்கிறேன். மகனுக்கு நல்ல வேலை வேண்டும், கணவரின் சர்க்கரை ஏறக்கூடாது, குடிசை மறுவாழ்வுத் திட்டமான எஸ்.ஆர்.ஏ. கட்டடத்தில் எங்களுக்கு உரிய முந்நூறு சதுர அடி கிடைக்க வேண்டும். 2000ஆம் ஆண்டுக்கு முன்பே குடியிருந்ததற்கான சான்று எங்களிடம் இருக்கிறது. போட்டோ பாஸ், பழைய லைட் பில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் கேட்டுவிட்டு உத்தரவாதத்துக்காகக் காத்து நிற்பதை விட்டுவிட்டேன். இதை எழுதுவது எளிது. எனக்கு இது கைகூட நெடுநாள் ஆனது, சில இரவுகளில் இன்னும் கைகூடுவதில்லை.

எங்களுக்குக் குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலையில். டிரம் நிரம்புகிற நேரம்தான் என் பூஜை நேரம். முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்கிறேன். வீட்டில் இருப்பவர்கள், அம்மா, எதிர்வீட்டு அக்கா, ஆஜி, பிறகு எனக்கு முகம் தெரியாத அந்தப் பத்துப் பேர். ஒவ்வொரு பெயரோடும் இருக்கிற கவலையையும் சொல்கிறேன். இரவில் படுக்கும்போது பயம் மொத்தமாக ஒன்றாகத்தான் இருக்கும். மழை, கடன், நோய், வயது எதுவும் பிரிந்து தெரியாது. பெயர் சொல்லச் சொல்ல அது தனித்தனியாகும். கொல்லைச்சுவர் விரிசலுக்கு மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும், அது என் வேலை. மழை எவ்வளவு பெய்யும் என்பது என் வேலை இல்லை. இரண்டாவதை முருகனிடம் விட்டுவிட்டு முதலாவதோடு எழுந்திருக்கிறேன். எனக்குக் கிடைத்திருக்கிற ஆறுதல் இவ்வளவுதான், இதை நான் சிறிதாக நினைக்கவில்லை. அம்மா போன பிறகு இரண்டு மாதம் இது இல்லாமல் இருந்தவள் நான்.

என் மகன் இதை ஒப்புக்கொள்வதில்லை. டிகிரி முடித்தவன், கேள்வி கேட்கிறவன். "கேட்டாலும் கெடைக்காதுன்னு நீயே சொல்லுத. அப்பொறம் எதுக்கும்மா? தியானம், யோகா மாதிரி மனசுக்கு ஒரு பயிற்சி, அப்படித்தானே?" என்பான். இல்லை என்றுதான் சொல்கிறேன். பயிற்சி என்றால் அறையில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். அப்படி இல்லை, கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று நம்பித்தான் பேசுகிறேன். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. ஏன் அப்படிச் செய்தான் என்று அம்மா விஷயத்தில் இன்னும் தெரியாது. ஆனால் சொல்வது காற்றில் போகவில்லை என்பது மட்டும் உறுதியாகத் தோன்றுகிறது. நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது. மகனிடம் அதையும் சொல்லியிருக்கிறேன். அவன் அதற்குமேல் வாதாடுவதில்லை. நானும் அவனை விளக்கின் முன்னால் இழுத்து நிறுத்துவதில்லை.

கோவில்கள் மறுபடி திறந்தது 2021 அக்டோபர் 7, நவராத்திரி முதல் நாள். திருச்செம்பூர் படிகளில் மாஸ்க் போட்ட கூட்டம். என்னிடம் பழைய பாக்கி நிறைய இருந்தது. அந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, எது எதற்கு முடிந்தது என்று பிரித்துப் பார்க்காமல், அம்மாவுக்காக முடிந்த காசையும் சேர்த்து உண்டியலில் போட்டேன். குலதெய்வத்துக் காசை இன்னொரு கோவிலில் போடலாமா என்று நாத்தனார் பிறகு கேட்டாள். போடக்கூடாது என்பார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காசை அதற்குமேல் ஒரு நாளும் வீட்டில் வைத்திருக்க என்னால் முடியவில்லை. அர்ச்சனைச் சீட்டோடு வந்த என்னிடம் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். எப்போதும் வீட்டில் எல்லோருடைய நட்சத்திரத்தையும் ஒப்பிக்கிறவள், "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன். ஊரில் என் ஆச்சி அப்படித்தான் சொல்வாள். சின்ன வயதில், நமக்கென்று ஒன்றும் கேட்காமல் இப்படி வீணாக்குகிறாளே என்று நினைத்திருக்கிறேன்.

நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதில் எனக்கு நிஜமான கோபம் உண்டு. மழைக்கு முன்னால் குன்றில் இருப்பவர்களுக்குக் காலி செய்யச் சொல்லி ஒவ்வொரு வருடமும் நோட்டீஸ் வரும். வாடகை கொடுத்து வேறிடம் போக இங்கே பாதிப் பேருக்கு வழி கிடையாது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், நாங்களே போகவில்லை. ஆனால் ரெட் அலர்ட் கொடுத்த இரவில்கூட, நாலு மணி நேரம் கீழே இறங்கி இருந்துவிட்டு வர மறுத்து, "கடவுள் பாத்துக்குவாரு" என்று கதவைச் சாத்திக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள். குழந்தைகளை உள்ளே வைத்துக்கொண்டு அப்படிச் சொல்கிறவர்களை நான் பக்தர்கள் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அம்மா சொன்ன "மத்ததை அவன் பாத்துக்கிடுவான்" என்ற வார்த்தையில் மத்தது எது என்று பிரித்துப் பார்க்கிற பொறுப்பு நம்முடையது. குழந்தையின் கையைப் பிடித்துப் படியிறங்குவது அந்த மத்ததில் சேராது.

2022இலிருந்து எங்கள் சந்தில் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். ரெட் அலர்ட் என்றால் டாகோர் நகரில் எங்கள் உறவுக்காரர் வீட்டுக்கு நாங்களும் அக்கா குடும்பமும் போய்விடுவோம். பக்ரீத் கொண்டாடும் வீட்டுக்காரர்களுக்குக் கீழே ஒரு கடை இருக்கிறது, அவர்கள் அங்கே. ஆஜியை என் மகனும் அவர்கள் வீட்டுப் பையனும் இருபக்கமும் பிடித்து இறக்குவார்கள். ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ பாஸ், மாத்திரை எல்லாம் ஜூன் முதல் தேதியே ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டித் தயாராக இருக்கும். கேஸை மூடி, மெயினை அணைத்து, பையை எடுத்து இறங்க வேண்டியதுதான். முருகனிடம் சொல்ல வேண்டியதை நான் ரிக்‌ஷாவில் உட்கார்ந்து சொல்லிக்கொள்வேன். விளக்கேற்றிவிட்டு வருகிறேன் என்று இதுவரை ஒரு நாளும் யாரையும் படியில் காக்க வைத்ததில்லை.